செந்திலின் வலது கை

டெக்சாஸுக்கு வந்து நான் உண்டாக்கியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இர்விங்கில், காசு போட்டுத் துணி துவைக்கும் லாண்டரிகள் மூன்று. அதில் ஒன்றுக்குக் கூரையும் நானே ஏறிப் போட்டது. நம் கோயில் மடப்பள்ளிக்குத் தண்ணீர்க் குழாய் முழுவதும் நான் இழுத்தது. திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டியவர் வேறொருவர், அது போகட்டும். வீட்டுக்குப் பின்னால் லாரியில் களிமண் கொண்டுவந்து கொட்டி, தண்ணீர் விட்டு, நானே மிதித்துக் கட்டிய மேடு ஒன்று. அந்த மேட்டில் நிறுத்தி ஒரு பேஸ்பால் பிட்சரையும் உண்டாக்கினேன். அவன் என் மகன் செந்தில்.

உடுமலைப்பேட்டைப் பக்கம் ஐந்தாவதோடு என் படிப்பு முடிந்தது. நர்ஸ் வேலைக்கு ஹூஸ்டன் வந்த என் அக்கா ராஜாமணி, எனக்கும் பேப்பர் போட்டு வரவழைத்தாள். ஓட்டல் ஒன்றின் சலவை அறையில் வேலை கிடைத்தது. மிஷின் நின்றுபோனால் மெக்கானிக் வருவதற்குள் நான் பிரித்துப் பார்த்து ஓட வைத்துவிடுவேன். உனக்கெல்லாம் கடன் கிடையாது என்று கையை விரித்த பேங்க்காரன், பிற்பாடு வீட்டு மிஷின் கெட்டுப்போனபோது என் லாண்டரியில் உட்கார்ந்து துணி துவைத்தான். நானே அவனுக்கு நாற்காலி எடுத்துப் போட்டேன். இதையெல்லாம் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். உழைத்தவன் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்? ஆனால் எதைக் கையில் கொடுத்தாலும் சரிபண்ணிவிடுவான் என்று பேர் வாங்கிய இந்த நாச்சிமுத்து, போன வருஷம் ஆஸ்பத்திரியில் ஒன்றும் செய்ய முடியாமல் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தான். அந்த நாட்களைத்தான் நம் தமிழ்ச் சங்க மலருக்கு எழுதுகிறேன்.

பேஸ்பால் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பிட்சர் என்பவன் கிரிக்கெட்டில் பவுலர் மாதிரி, ஆனால் ஓடி வர மாட்டான். மேட்டின் மேல் நின்ற இடத்திலேயே நின்று, உடம்பின் பலம் அத்தனையையும் தோள் வழியாகப் பந்துக்குக் கொடுக்க வேண்டும். செந்தில் சின்னப் பையனாக லாண்டரிக்குள் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், ஜனங்கள் விட்டுப்போன ஒற்றைச் சாக்ஸ்களைச் சுருட்டிக் கொடுத்து, எதிர்ச்சுவர் டிரையரின் வட்ட வாய்க்குள் எறியச் சொன்னேன். தவறவே தவறாது. பள்ளிக்கூடத்துக் கோச்செல்லாம் அதற்குப் பின்னால் வந்தவர்கள்.

1990இல் ஒரு பெரிய டீம் அவனைத் தேர்ந்தெடுத்தது. இனி டி.வி.யில் வந்துவிடுவான் என்று நாங்கள் லாண்டரியில் லட்டு கொடுத்தோம். அப்படி இல்லையாம். பெரிய லீக்குக்குக் கீழே சின்ன லீக்குகள் படிப்படியாக இருக்கின்றன. பஸ்ஸில் ஊர் ஊராகப் போய் ஆட வேண்டும். குளிர்காலத்தில் சம்பளம் கிடையாது. ஒரு டீம் போகச் சொன்னால் இன்னொரு டீம். ஒரு வருஷம் நியூ ஜெர்சியில் ஆடினான். பார்சிப்பனியில் ஒரு தமிழ்க் குடும்பம் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சோறு போட்டது. இன்னொரு வருஷம் கலிபோர்னியா. மில்பிடாஸில் டீம் பையன்களோடு ஒரே அபார்ட்மெண்டில் தரையில் படுத்தான். போன இடத்திலெல்லாம் நல்ல பையன் என்றார்கள். நல்ல பையன் என்று சொல்லியே அனுப்பியும் வைத்தார்கள். குளிர் வந்தால் இர்விங்குக்கு வந்து என் மிஷின்களுக்கு எண்ணெய் போடுவான்.

பொங்கல் விழாவுக்குப் போனால் யாராவது கேட்பார்கள்.

"பையன் என்ன பண்றாப்டிங்க?"

"பேஸ்பால் ஆடறானுங்க."

"அது சரிங்க. வேலை என்ன பண்றாப்டி?"

இப்படியே பத்து வருஷம் ஓடியது. 2000ஆம் வருஷக் கோடையில், பெரிய லீக்குக்கு இரண்டே படி கீழே வரை ஏறிவிட்டான். அதுவும் டெக்சாஸிலேயே. செப்டம்பர் மாதம் பெரிய டீமில் கூடுதலாகச் சில ஆட்களைச் சேர்த்துக்கொள்ள விதி உண்டு. இந்த முறை உன் பேர் இருக்கிறது, கையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள் என்று அவன் மேனேஜர் ஆகஸ்டில் சொல்லிவிட்டார். பெரிய லீக்கில் ஒரே ஒரு ஆட்டத்தில் இறங்கினால் போதும், ஆடியவர்கள் வரிசையில் பேர் நிரந்தரமாக இருக்கும். என் மகனுக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. எனக்கும்தான்.

அப்போதுதான் அவன் கை கனத்தது. பந்தை நாலு தடவை எறிந்ததும் கை ஈயம் மாதிரி ஆகிவிடுகிறது என்பதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் செப்டம்பர் போய்விடும். ஆட்டமில்லாத ஒரு நாள் வீட்டுக்கு வந்தான். கறுப்பு முழுக்கைச் சட்டை; டெக்சாஸ் ஆகஸ்டில் யாராவது முழுக்கை போடுவார்களா? என் மனைவி சரசு சோறு போட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியை வைத்துவிட்டாள்.

"ஏனுங்க, இங்க வந்து பாருங்க. பையன் கை என்ன இப்படி நாவப்பழம் மாதிரி கெடக்குது?"

சட்டையைக் கழற்றச் சொன்னேன். தோளிலிருந்து விரல் வரை வீக்கம். இடது கையைப் போல ஒன்றரைப் பங்கு இருந்தது. தோளிலும் நெஞ்சிலும் நரம்புகள் கயிறு கயிறாகப் புடைத்திருந்தன. செந்திலுக்குத் தமிழ் நன்றாகப் புரியும், பதில் இங்கிலீஷில்தான் வரும். ஒன்றுமில்லை, களைப்பு, செப்டம்பர் முடிந்ததும் டாக்டரைப் பார்க்கிறேன் என்றான். அவன் கார் சாவியை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். "கெளம்பு" என்றேன். அந்த ஆஸ்பத்திரி விஷயத்தில் நான் சொல்லி உடனே நடந்த காரியம் கடைசி வரை அது ஒன்றுதான்.

எமர்ஜென்சியில் முதலில் ஜெல் தடவித் தோளில் கருவியை வைத்து உருட்டினார்கள். பிறகு கையில் மருந்துச் சாயம் ஏற்றி எக்ஸ்ரே எடுத்தார்கள். ரத்தம் எதுவரை போகிறது, எங்கே நிற்கிறது என்று சாயம் காட்டிக் கொடுத்துவிடும். கையிலிருந்து நெஞ்சுக்கு ரத்தம் திரும்பி வரும் பெரிய குழாய், காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவில் ஒரு சந்து வழியாகப் போகிறது. வருஷக்கணக்காகக் கையைத் தலைக்கு மேல் தூக்கி எறிந்து எறிந்து, அந்தச் சந்தில் குழாய் நசுங்கி, உள்ளே ரத்தம் உறைந்து அடைத்துவிட்டது. மிஷினின் வடிகால் குழாயில் பஞ்சு சேர்ந்து அடைத்தால் தண்ணீர் தொட்டியிலேயே நிற்குமே, அதேதான். மிஷினாக இருந்தால் நான் குழாயைக் கழற்றி ஊதியிருப்பேன்.

இதை எனக்கு விளக்கியது சர்ஜன் இல்லை, செந்தில். சர்ஜன் என்னிடம் பேசவே இல்லை. நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும்: பெரிய வியாதி என்றால் படுத்திருப்பவனிடம் சொல்ல மாட்டோம், வீட்டுப் பெரியவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வோம். நான் சர்ஜனை வராந்தாவில் மடக்கி, எதுவாக இருந்தாலும் என்னிடம் சொல்லுங்கள், அவனிடம் நல்ல வார்த்தை மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அவர் மரியாதையாகத்தான் சொன்னார்: உங்கள் மகன் முப்பது வயது ஆண்பிள்ளை, அவருடைய உடம்பை அவரோடுதான் பேசுவேன், அவர் விரும்பினால் உங்களிடம் சொல்லட்டும். நான் அறைக்குள் வந்தபோது செந்தில் சிரித்துக்கொண்டிருந்தான். கதவு திறந்திருந்ததால் எல்லாம் கேட்டுவிட்டது.

ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை மெல்லிய குழாய் வழியாக அடைப்புக்குள்ளேயே சொட்டுச் சொட்டாக விட்டார்கள். அந்த மருந்து உடம்பில் இருக்கும்போது வேறெங்காவது ரத்தம் கசிந்தால் நிற்காது. அதனால் அசையக் கூடாது. தலையணைகளை அடுக்கி அதன் மேல் கையை ஏற்றி வைத்துப் படுத்திருந்தான். பந்தெறியும் கை அவனுடையது என்றே தெரியாதபடி வேறெதுவோ மாதிரி கிடந்தது.

முதல் நாளே சர்ஜனிடம் அவன் கேட்ட கேள்வி, எப்போது எறியலாம் என்பதுதான். இந்த வருஷம் இல்லை என்றார் சர்ஜன். செந்தில் போனை எடுத்துத் தரச் சொல்லி, இடது கையால் நம்பரைத் தட்டி, மேனேஜரிடம் தானே சொன்னான். ரொம்பச் சுருக்கமான பேச்சு. வைத்துவிட்டு டி.வி.யைப் போடச் சொன்னான். சரசு வெளியே போய் அழுதாள். நான் டி.வி.யைப் பார்த்தேன்.

எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. அவன் தலையணை உறைகளைக் கழற்றி லாண்டரிக்குக் கொண்டுபோய்த் துவைத்துச் சூட்டோடு மடித்துக் கொண்டுவந்தேன். இங்கே உறைகள் இருக்கின்றன என்று நர்ஸ் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார், பிறகு விட்டுவிட்டார். கறுப்பினப் பெண், நல்ல மனசு. சரசு இட்லியைத் துண்டு துண்டாக்கி ஸ்பூனில் ஊட்டினாள். ராஜாமணி அக்கா ஹூஸ்டனிலிருந்து தானே கார் ஓட்டிக்கொண்டு பிளாஸ்கில் ரசத்தோடு வந்தாள். நர்ஸாக இருந்தவள் ஆதலால் மருந்துப் பைகளை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்துவிட்டு என்னிடம், "நாச்சி, நீ சும்மா குறுக்கயும் நெடுக்கயும் நடக்காத. தரை தேஞ்சு போனா அதுக்கும் பில்லு போடுவான்" என்றாள். பில் பயம் எனக்கு இருந்தது உண்மைதான். கவர் கவராக வந்தது. வேலையில் வந்த வியாதி என்று டீம்காரர்கள் பிற்பாடு ஏற்றுக்கொண்டார்கள், ஆனால் ஏற்றுக்கொள்ளும் வரை நான் எந்த லாண்டரியை விற்கலாம் என்று மனசுக்குள் தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன்.

கட்டி பெருமளவு கரைந்தது. ஆனால் சந்து அப்படியேதான் இருந்தது. முதல் விலா எலும்பை வெட்டி எடுத்துவிட்டால் குழாய்க்கு இடம் கிடைக்கும், அடுத்த வருஷம் எறிந்து பார்க்கலாம் என்றார் சர்ஜன். செந்தில் யாரையும் கேட்காமல் கையெழுத்துப் போட்டான்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் இரவிலிருந்து வாயில் ஒன்றும் போடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். சொட்டுத் தண்ணீர்கூடக் கிடையாது. எனக்கும் சொன்னார்கள், எனக்கும் புரிந்தது. காலையில் சரசு பழனிப் பஞ்சாமிர்த டப்பாவோடு வந்தாள். ஊரிலிருந்து வந்த ஒருவர் கொடுத்தது, இதற்காகவே எடுத்து வைத்திருந்தாள். நெற்றியில் விபூதி பூசினாள். நான் ஒரு விரல் பஞ்சாமிர்தத்தை எடுத்து அவன் நாக்கில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு சப்பினான். சின்ன வயசிலிருந்து பழக்கம். சாமி பிரசாதத்தைச் சாப்பாட்டில் சேர்ப்போமா நாம்? விரதத்தில்கூடச் சாப்பிடுகிறோமே.

தள்ளுகட்டிலோடு ஆட்கள் வந்தார்கள். நர்ஸ் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். இரவுக்குப் பின் ஏதாவது உள்ளே போனதா? இல்லை என்று நான் சொன்னேன். அதே நேரத்தில் செந்தில் ஆமாம் என்றான். இப்போதுதான் அப்பா கொஞ்சம் வாழைப்பழமும் தேனும் வெல்லமும் கொடுத்தார் என்றான். நர்ஸ் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. மயக்கம் கொடுக்கும்போது வயிற்றில் இருப்பது மேலே வந்து மூச்சுக்குழாயில் இறங்கினால் ஆளே போய்விடலாமாம். இது உணவில்லை, பிரசாதம், ஒரு விரல்தான் என்று விரலைத் தூக்கிக் காட்டினேன். மயக்க டாக்டர் வந்தார், டப்பாவை வாங்கி மோந்து பார்த்தார், தலையை ஆட்டினார். தள்ளுகட்டில் காலியாகத் திரும்பிப் போனது. இரண்டு நாள் கழித்துத்தான் இனி இடம் என்றார்கள்.

"அன்பிலீவபிள்" என்று செந்தில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். சரசு டப்பாவை முந்தானைக்குள் மறைத்தாள். "நீ எதுக்குடா அவகிட்டச் சொன்ன?" என்று நான் கேட்டேன். 

அன்று மத்தியானம், அவன் டி.வி.யில் யாரோ எறிவதைப் பார்த்துக்கொண்டிருந்தவன், திடீரென்று நெஞ்சைப் பிடித்தான். மூச்சை உள்ளே இழுத்தால் கத்தி குத்துவது மாதிரி இருக்கிறது என்றான். உதடு வெளுத்தது. நான் பட்டனை அழுத்துவதை விட்டுவிட்டு வராந்தாவுக்கு ஓடித் தமிழில் கத்தினேன். அவர்களுக்கு மொழி தேவைப்படவில்லை. கரையாமல் மிச்சமிருந்த கட்டியில் ஒரு துண்டு பிய்ந்து, ரத்தத்தோடு போய் நுரையீரலில் அடைத்திருந்தது. ஐ.சி.யு.வுக்குக் கொண்டுபோனார்கள். கதவு எங்கள் முகத்துக்கு நேரே மூடிக்கொண்டது.

அந்தக் காத்திருப்பு அறையைப் பற்றி என்ன சொல்ல? நீல நாற்காலிகள், பழைய பத்திரிகைகள், மேலே மாட்டிய டி.வி. எங்களுக்குப் பக்கத்தில் ஒரு மெக்சிகன் குடும்பம். அந்த அம்மாளின் கணவரும் உள்ளே. பேச்சு ஒத்துவராவிட்டாலும் அவர்கள் கொண்டுவந்த சோள உருண்டையை எங்களுக்கும் நீட்டினார்கள். சரசு கையில் வாங்கி வைத்துக்கொண்டே இருந்தாள், தின்னவில்லை. ஒரு தடவை மட்டும் வாயைத் திறந்தாள்.

"ஏனுங்க. காலைல ஆபரேசன் நடந்திருந்தா இப்படி ஆயிருக்காதோ?"

நான் கையாலாகாமல் வாழ்ந்தவன் இல்லை. அவள் கேட்டதையே பிற்பாடு சர்ஜனிடம் நேராகவே கேட்டேன். ஆபரேஷன் நடந்திருந்தால் அந்தத் துண்டு மேசையிலேயே பிய்ந்திருக்கலாம், பிய்யாமலும் இருந்திருக்கலாம், யாராலும் சொல்ல முடியாது என்றார். முருகன்தான் மேசைக்குப் போகாமல் தடுத்தான் என்கிறாள் சரசு. செந்தில் இதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று நான் சொல்வது அபூர்வம்.

பிழைத்துக்கொண்டான். ஐ.சி.யு.விலிருந்து சாதாரண அறைக்கு வந்தபோது தாடியும் கண்ணும்தான் இருந்தன. ரத்தத்தை நீர்க்க வைக்கும் மாத்திரை கொடுத்தார்கள். மாதக்கணக்கில் போட வேண்டும், அது வரை ஒரு அடிகூடப் படக் கூடாது. சர்ஜன் வந்து, இந்த முறை எங்களை வெளியே போகச் சொல்லாமலே பேசினார். இரண்டு வழி இருக்கிறது. பந்தை விட்டுவிட்டால் இந்தக் கை மற்ற எல்லா வேலையும் செய்யும். மாத்திரை முடிந்ததும் விலாவைத் தொட வேண்டிய அவசியம்கூட இல்லாமல் போகலாம். எறியத்தான் வேண்டும் என்றால் நுரையீரல் ஆறிய பிறகு விலாவை எடுக்கலாம், ஒரு வருஷம் பயிற்சி செய்யலாம், பழைய வேகம் வரலாம். மறுபடி அடைக்கவும் அடைக்கலாம். அடுத்த துண்டு எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

அவர் போன பிறகு அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். சரசு ராஜாமணி அக்காவோடு கீழே சாப்பாட்டுக் கூடத்துக்குப் போயிருந்தாள். செந்தில் வலது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். பந்தைப் பிடிக்கும் மாதிரி இரண்டு விரலை மேலே வைத்தான்.

"ஐ கேன் கம் பேக், அப்பா" என்றான்.

நான் தலையணை உறையை நேராக இழுத்துவிட்டேன்.

"ஒன் மோர் இயர். தே நோ மீ. சம்படி வில் டேக் மீ." பிறகு என்னைப் பார்த்து, "வாட் டூ ஐ டூ?" என்றான்.

பத்து வருஷமாக எந்த டீமுக்குப் போவது, எந்த ஊருக்குப் போவது என்று அவன் என்னைக் கேட்டதில்லை. ஆஸ்பத்திரியில் யாருமே என்னை எதுவும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறான். ஆடு என்று நான் சொன்னால் ஆடியிருப்பான், அது எனக்குத் தெரியும். அவன் முகத்திலேயே இருந்தது. ஆடு என்ற வார்த்தை என் வாயில் வந்தும் நின்றது. பெரிய மைதானத்தில் அவன் பேரை ஒலிபெருக்கியில் சொல்வார்கள், அதைக் கேட்க வேண்டும் என்று நான் எத்தனை வருஷம் இருந்தேன் என்பது எனக்கும் என் மிஷின்களுக்கும்தான் தெரியும்.

"போதும் கண்ணு" என்றேன். "விட்டுரு."

"அப்பா."

"நீ விட வேண்டாம். நான் விடச் சொல்றேன். என்ற பேச்சைக் கேளு."

அவன் விரல்களை விரித்துப் போர்வை மேல் வைத்தான். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். கண்ணைத் துடைத்துவிடலாம் என்று எழுந்தேன், கையைக் காட்டி வேண்டாம் என்றான். சாயங்காலம் சர்ஜன் வந்தபோது, விலாவை எடுக்க வேண்டாம் என்று அவனே சொன்னான். காரணம் கேட்டதற்கு என்னைக் காட்டவில்லை. என் முடிவுதான் என்றான்.

இப்போது நலமாக இருக்கிறான். மாத்திரை நின்றுவிட்டது. கை பழைய அளவுக்கு வந்துவிட்டது. ஒரு உயர்நிலைப் பள்ளியில் பையன்களுக்குப் பந்தெறியச் சொல்லித் தருகிறான். அவன் எறிந்து காட்டுவதில்லை, நின்று சொல்வதோடு சரி. என்னோடு பேசுகிறான், சாப்பிட வருகிறான். நான் விடச் சொன்ன அந்த மத்தியானத்தைப் பற்றி மட்டும் நாங்கள் பேசுவதில்லை.

இதை நான் எழுத வந்த காரணம் வேறு. சென்ற மலரில், நம் சங்கத்து டாக்டர் ஒருவர் ஆட்டக்காரர்களின் வியாதிகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் செந்திலையும் சேர்த்திருந்தார். வியாதியைக் கண்டதும் மனம் தளர்ந்து ஆட்டத்தைக் கைவிட்ட இளைஞர் என்று அச்சாகியிருக்கிறது. விழாவில் இரண்டு பேர் என்னிடமே, பாவங்க, பையன் பயந்துட்டாப்ல இருக்கு என்று துக்கம் விசாரித்தார்கள். டாக்டர் படித்தவர், ரத்தக்குழாயைப் பற்றி எழுதியது அத்தனையும் சரி. இந்த ஒரு வரி தப்பு.

என் மகன் பயப்படவில்லை. நுரையீரலில் கட்டியை வைத்துக்கொண்டே திரும்பி வருகிறேன் என்று சொன்னவன் அவன். பயந்தவன் நான். விடச் சொன்னவனும் நான். பத்து வருஷம் பஸ்ஸில் போய் எறிந்தவனின் ஆட்டத்தை நிறுத்தியது ரத்தக்கட்டியும் இல்லை, சர்ஜனும் இல்லை, உடுமலைப்பேட்டை நாச்சிமுத்து. சங்கத்தில் யார் எதைச் செய்தாலும் பேர் போடுகிறீர்கள். குழாய் இழுத்ததற்கு என் பேரை விட்டுவிட்டீர்கள், நான் கேட்கவில்லை. இதற்குப் போட்டே ஆக வேண்டும். செந்தில் ஆட்டத்தை விடவில்லை, அவன் அப்பன் நிறுத்தினான் என்று, என் முழுப் பேரோடு, அந்தக் கட்டுரை வந்த அதே பக்கத்தில் அச்சிடுங்கள்.